வாரியர்ஸின் இரட்டைப் பாதை: ஒரு கூடைப்பந்து அணியின் இளைஞர் வளர்ப்புத் திட்டம் எப்படித் தடம் புரண்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் கோப்பையை வென்ற அணி. 2020-இல் அது ஒரு பெரிய ஆசையோடு புறப்பட்டது: ஸ்டீபன் கரி, கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன் ஆகிய மூத்தவர்களை வைத்து இன்னும் சில கோப்பைகள், அதே நேரத்தில் அடுத்த பத்தாண்டுக்கான இளைஞர்களையும் அதே அணிக்குள் வளர்த்தெடுப்பது. அமெரிக்கப் பத்திரிகைகள் இதை ‘டூ டைம்லைன்ஸ்’ என்றன. இங்கே இரட்டைப் பாதை என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் கோப்பை வந்தது. அடுத்த தலைமுறை வரவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

முதலில், இப்படி ஒரு திட்டம் ஏன் தேவைப்பட்டது?

விபத்துதான் காரணம். 2019 இறுதித் தொடரில் டொராண்டோ ராப்டர்ஸிடம் தோற்றபோது கெவின் டுராண்டின் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த ஆட்டத்திலேயே கிளே தாம்ப்சனின் இடது முழங்கால் தசைநாரும் போனது. டுராண்ட் புரூக்ளினுக்குப் போய்விட்டார். அடுத்த சீசன் தொடங்கிய சில நாட்களில் கரியின் இடது கை எலும்பு முறிந்தது. ஐந்து முறை தொடர்ந்து இறுதித் தொடருக்குப் போன அணி, 2019-20 சீசனை 15 வெற்றி, 50 தோல்வி என்று முடித்தது. லீகிலேயே கடைசி இடம்.

என்பிஏவில் கடைசி இடத்துக்கும் ஒரு பரிசு உண்டு. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்வரிசை வாய்ப்பு கிடைக்கும். வாரியர்ஸுக்கு 2020-இல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதற்கு முன்பே மினசோட்டாவுடன் செய்த ஒரு பரிமாற்றத்தில் ஆண்ட்ரூ விக்கின்ஸோடு அந்த அணியின் 2021 முதல் சுற்றுத் தேர்வும் கைக்கு வந்திருந்தது. காயமடைந்த நட்சத்திரங்கள் திரும்பி வரப்போகிறார்கள், உயர்ந்த தேர்வுகளும் கையில் இருக்கின்றன. உரிமையாளர் ஜோ லேகப் இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

பணக் கணக்கும் உண்டு. மூன்று நட்சத்திரங்களின் சம்பளத்தால் ஆடம்பர வரி, அதாவது சம்பள வரம்பைத் தாண்டும் அணி லீகுக்குக் கட்டும் தொகை, எகிறிக்கொண்டிருந்தது. 2021-22 சீசனுக்கு மட்டும் ஏறத்தாழ 17 கோடி டாலர். டிராஃப்டில் வரும் வீரருக்கு முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் விதிப்படி வரையறுக்கப்பட்டது, மலிவானது. பெஞ்சை, அதாவது மாற்று வீரர்களின் வரிசையை, அனுபவசாலிகளால் நிரப்புவதைவிட இளைஞர்களால் நிரப்புவது சிக்கனம்.

அந்த இளைஞர்கள் யார்?

2019-இல் 28-ஆவது தேர்வாக வந்த ஜோர்டன் பூல். 2020-இல் இரண்டாவது தேர்வான ஜேம்ஸ் வைஸ்மன். 2021-இல் ஏழாவது தேர்வான ஜானதன் குமிங்காவும் பதினான்காவது தேர்வான மோசஸ் மூடியும். பூலின் கதை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

வைஸ்மனிடம் என்ன கோளாறு? திறமை போதவில்லையா?

ஏழடி உயரம், அந்த உயரத்துக்கு நம்ப முடியாத வேகம், மென்மையான கை. திறமை இருந்தது. ஆட்ட அனுபவம்தான் இல்லை. மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள், 2019 நவம்பரில். பிறகு கல்லூரி விளையாட்டு அமைப்பின் தகுதி விதி தொடர்பான தடை. அவர் கல்லூரியை விட்டே விலகினார். அதன்பின் பெருந்தொற்று. 2020 கோடைக்காலத்தில் புதுமுகங்களுக்கான சம்மர் லீக் நடக்கவில்லை. நவம்பர் 18-இல் டிராஃப்ட், டிசம்பர் 22-இல் சீசன் தொடக்கம். நடுவில் இருந்த சுருக்கமான பயிற்சி முகாமின் தொடக்கத்தையும் கொரோனா தொற்றால் அவர் தவறவிட்டார். ஓராண்டுக்கும் மேலாக ஒரு போட்டியில்கூட ஆடாத 19 வயதுப் பையன், நேராக புரூக்ளினுக்கு எதிரான சீசன் தொடக்க ஆட்டத்தில் களமிறங்கி 19 புள்ளிகள் எடுத்தார். அந்த 19 புள்ளிகள் பலரை ஏமாற்றிவிட்டன என்றே நினைக்கிறேன்.

டிராஃப்ட் நடந்த அதே நாளில் கிளே தாம்ப்சன் வலது குதிகால் தசைநாரையும் அறுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘மூத்தவர்கள் வெல்வார்கள், பையன் பக்கத்தில் மெதுவாகக் கற்றுக்கொள்வான்’ என்ற கணக்கின் அடித்தளமே அன்று ஆட்டம் கண்டது. திட்டம் மட்டும் மாறவில்லை.

வாரியர்ஸின் ஆட்ட முறை இளம் சென்டருக்கு அவ்வளவு கடினமா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்கலின் பாதி இங்கேதான் இருக்கிறது.

சென்டர் என்பவர் கூடையருகே ஆடும் உயரமான வீரர்; வைஸ்மனின் இடம் அதுதான். பல அணிகளில் இளம் சென்டரின் வேலை எளிது. பந்து வைத்திருப்பவருக்காக ஒரு ஸ்கிரீன் போடு, அதாவது அவரைத் துரத்தும் எதிராளியின் வழியில் சுவர்போல நில். பிறகு கூடையை நோக்கி ஓடு. மேலே வீசப்படும் பந்தைப் பிடித்துக் கூடையில் அடி. ஒரே செயல், நூறு முறை. வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரின் அணியில் அப்படி இல்லை. கூடையிலிருந்து சுமார் பதினைந்து அடி தூரத்தில் சென்டரிடம் பந்து தரப்படும். அவர் முன்னால் கரியும் இன்னொரு எறிவாளரும் ஒருவருக்கொருவர் ஸ்கிரீன் போட்டுக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் பிரிவார்கள். யார் வெளியே ஓடுகிறார், யார் கூடைக்கு வெட்டி ஓடுகிறார் என்பது முன்கூட்டி எழுதப்பட்டதல்ல. தடுப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைப் பார்த்து அந்த நொடியில் முடிவாகும். சென்டர் அதை அவர்களோடு சேர்ந்து படித்து, பந்தை எந்தக் கைக்கு, எந்த உயரத்தில் தர வேண்டும் என்று ஒன்றிரண்டு நொடிக்குள் தீர்மானிக்க வேண்டும். தாமதித்தால் அந்த வாய்ப்பு செத்துவிடும்.

வைஸ்மன் ஸ்கிரீன் போடும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். உடல் மோதுவதற்கு முன்பே கூடைப் பக்கம் நழுவிவிடுவார். கரியைத் துரத்துபவருக்குத் தடையே இருக்காது. கெவான் லூனியோ காலைப் பரப்பி ஊன்றிக்கொண்டு நிற்பார். துரத்துபவர் அவரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கரிக்குத் தேவை அந்த அரை நொடி. லூனி 2015-இல் முதல் சுற்றின் கடைசித் தேர்வான 30-ஆவதாக வந்தவர், இடுப்பு அறுவைச் சிகிச்சைகளால் தொடக்க ஆண்டுகளை இழந்தவர். உயரமாகத் தாவ மாட்டார். 2022-இல் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் மெம்ஃபிஸ் அணிக்கு எதிரான தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 22 ரிபவுண்டுகள், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துகள், எடுத்தது அவர்தான்.

லீகில் மிக நுட்பமான ஆட்ட முறைக்கு மிகக் குறைந்த அனுபவமுள்ள சென்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கேற்ற எளிய ஆட்டத்தை அமைத்தால் கரியின் ஆட்டம் கெடும். கரியின் ஆட்டத்தை ஆடினால் அவர் திணறுவார். அந்த முதல் சீசனில் அவரைத் தொடக்க வரிசையில் வைத்தார்கள், பெஞ்சுக்கு அனுப்பினார்கள், மறுபடி தொடக்க வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். 39 ஆட்டங்கள், சராசரி 11.5 புள்ளிகள். 2021 ஏப்ரலில் வலது முழங்கால் சவ்வு கிழிந்தது. சங்கடம் என்னவென்றால், அவர் இல்லாத கடைசிப் பத்தொன்பது ஆட்டங்களில் அணி பதினான்கை வென்றது.

காயம்தான் உண்மையான காரணம், திட்டத்தைக் குறை சொல்வது நியாயமா?

பாதி நியாயம். 2021-22 முழுவதையும் அவர் இழந்தார், இரண்டாவது முறை அறுவைச் சிகிச்சையும் நடந்தது. இருபது வயதில் ஒரு சென்டருக்கு அது பெரிய இழப்பு. பிற்பாடு டெட்ராய்டிலும் அவர் நிலைபெறவில்லை. 2024 அக்டோபரில் இண்டியானாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. ஆகவே ‘வேறு அணியில் இருந்திருந்தால் நட்சத்திரம் ஆகியிருப்பார்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். தேர்வே தவறாக இருந்திருக்கலாம். அவருக்கு அடுத்த தேர்வாக சார்லட்டுக்குப் போனவர் லமெலோ பால்; பன்னிரண்டாவதாக சாக்ரமெண்டோவுக்குப் போனவர் டைரீஸ் ஹாலிபர்ட்டன்.

ஆனால் ஒரு காயம் மொத்தத் திட்டத்தையும் முடக்கிவிடுகிறது என்றால், அந்தத் திட்டத்தில் இடைவெளியே விடப்படவில்லை என்று பொருள். இருபது வயது முழங்கால்களும் முப்பத்து மூன்று வயது கரியின் காலக்கெடுவும் ஒரே அட்டவணையில் ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தது காயத்தின் குற்றம் அல்ல.

பெரிய வீரர்களின் பக்கத்தில் உட்கார்ந்தாலே கற்றுக்கொள்ளலாம் என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் என்பிஏ நிர்வாகிகளின் மண்டையிலிருந்து பிடுங்க முடிந்தால் நன்றாக இருக்கும். பயிற்சிக் கூடத்தில் கரியைப் பார்த்து உழைப்பைக் கற்றுக்கொள்ளலாம், சாப்பாட்டு ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம். நான்காம் கால்பகுதியில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தவறான பக்கம் தடுக்கப் போய், எதிராளி மூலையில் தனியாக நின்று மூன்று புள்ளி எறிவதைப் பார்த்துச் சூடுபட்டு, மறுநாள் அதே சூழலில் சரியாக நிற்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்க முடியாது. நீந்தக் கற்பவன் தண்ணீரில்தான் இறங்க வேண்டும்.

ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஓர் அணியிடம் பகிர்ந்தளிக்க இருப்பது மொத்தம் 240 நிமிடங்கள். வெல்ல வேண்டிய பயிற்சியாளர் அவற்றைப் பிழை செய்யாதவர்களுக்குத் தருவார். வளர்க்க வேண்டிய பயிற்சியாளர் பிழை செய்பவர்களுக்குத் தர வேண்டும். இரண்டு கணக்குக்கும் ஒரே கஜானா. இரட்டைப் பாதையில் ஏனைய சிக்கல்கள் எல்லாம் இதன் கிளைகள்தாம்.

அப்படியானால் ஜோர்டன் பூல் எப்படி வளர்ந்தார்?

சரியான கேள்வி. பூல் வந்த ஆண்டு எது? அந்த 15-50 ஆண்டு. தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். சொல்லப்போனால் தோல்வியால் நல்ல தேர்வு கிடைக்கும். முதல் சீசனில் அவர் எறிந்த பந்துகளில் மூன்றில் ஒன்றுதான் கூடையில் விழுந்தது. வெல்லத் துடிக்கும் அணியில் அப்படி எறிந்தால் அடுத்த மாதம் களத்தில் இடம் இருக்காது. பூல் 57 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த சீசனில் ஜி லீகுக்கு, அதாவது என்பிஏ அணிகளின் துணை அணிகள் ஆடும் லீகுக்கு, சில வாரங்கள் அனுப்பினார்கள். அங்கே பந்து முழுக்க அவர் கையில். திரும்பி வந்தவர் வேறு ஆள். 2021-22 தொடக்கத்தில் கிளே இன்னும் திரும்பவில்லை. 2022 ஜனவரி வரை தொடக்க வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பூல் அதில் உட்கார்ந்து, சராசரி 18.5 புள்ளிகளோடு கோப்பைக்கு உதவினார்.

அவரை வளர்த்தது திட்டமல்ல, திட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்த வெற்றிடம். நிர்வாகம் இதை ‘எங்கள் முறை வேலை செய்கிறது’ என்று படித்துக்கொண்டது. வைஸ்மனுக்கும் குமிங்காவுக்கும் அந்த வெற்றிடம் கிடைக்கவே இல்லை.

2022-இல் கோப்பை வென்ற பிறகு ஏன் கெட்டுப்போனது?

வெற்றி தந்த மயக்கம். கோப்பை அணியின் பெஞ்சுத் தூண்களான கேரி பேட்டன் இரண்டாமவரையும் ஆட்டோ போர்ட்டரையும் அந்தக் கோடையில் போகவிட்டார்கள். அந்த நிமிடங்களின் பெரும்பகுதி வைஸ்மன், குமிங்கா, மூடி ஆகியோரிடம் போகும் என்பது கணக்கு. சீசனுக்கு முன்பே, அக்டோபர் பயிற்சியில், டிரேமண்ட் கிரீன் பூலின் முகத்தில் குத்தினார்; அந்தக் காணொளி வெளியே கசிந்து உலகம் முழுக்க ஓடியது. சில நாட்களில் பூலுக்கு நான்கு ஆண்டுப் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே அறையில் இரண்டு தலைமுறைகள் இணக்கமாக வாழும் என்ற எண்ணத்துக்கு அந்தக் குத்தைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இளைஞர்கள் நிறைந்த பெஞ்ச் தொடக்கத்திலேயே முன்னிலைகளைக் கரைத்தது. நவம்பரில் வைஸ்மனை சாண்டா குரூஸ் துணை அணிக்கு அனுப்பினார்கள். சீசன் முடிவில் சொந்த மண்ணில் 33 வெற்றி, 8 தோல்வி. வெளியூரில் 11 வெற்றி, 30 தோல்வி. 2023 பிப்ரவரியில் நான்கு அணிப் பரிமாற்றம் ஒன்றில் வைஸ்மன் டெட்ராய்டுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர் யார் தெரியுமா? ஏழு மாதங்களுக்கு முன்பு அவர்களே போகவிட்ட அதே கேரி பேட்டன். கோடையில் பூல் வாஷிங்டனுக்குப் போக, 38 வயது கிறிஸ் பால் வந்தார். திட்டத்தைக் கட்டிய பொது மேலாளர் பாப் மயர்ஸும் அதே கோடையில் விலகிவிட்டார்.

குமிங்கா விஷயத்தில் தவறு யாருடையது? பயிற்சியாளரா, வீரரா?

இருவரும் தங்கள் இடத்திலிருந்து பார்த்தால் சரி. அதனால்தான் அது தீரவில்லை.

குமிங்கா காங்கோவின் கோமா நகரில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகாமல் ஜி லீக் இக்னைட் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு நேராக வந்தவர். பந்து கையில் இருந்தால் எவரையும் தாண்டிக் கூடைக்குப் போகும் உடல்வாகு. அவர் தன்னை ஒரு நட்சத்திரமாகப் பார்த்தார். கெருக்கு வேண்டியது ஓடி வெட்டுகிற, ரிபவுண்ட் எடுக்கிற, பந்தைத் தேக்காமல் உடனே கைமாற்றுகிற ஒருவர். இரண்டில் எது இலக்கு என்பதை அணி ஒருநாளும் ஒரே குரலில் சொன்னதாகத் தெரியவில்லை.

2024 ஜனவரி 4-ஆம் தேதி டென்வருடன் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குமிங்கா நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். கடைசி 18 நிமிடங்கள் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. 18 புள்ளி முன்னிலை கரைந்து, கடைசி நொடியில் நிகோலா யோகிச் வெகு தொலைவிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு விழ, வாரியர்ஸ் தோற்றது. மறுநாளே, குமிங்கா பயிற்சியாளர்மீது நம்பிக்கை இழந்துவிட்டார் என்ற செய்தி வெளியானது. இருவரும் பேசினார்கள், நிமிடங்கள் கூடின, அந்த சீசனை 16.1 புள்ளி சராசரியோடு முடித்தார். அப்படியானால் அந்த நிமிடங்களை முன்பே தந்திருக்கலாமே என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அடுத்த ஆண்டு கதை திரும்பவும் சறுக்கியது. 2025 ஜனவரியில் கணுக்கால் காயம். இரண்டு மாதத்துக்கும் மேல் ஓய்வு. அதற்குள் ஜிம்மி பட்லர் என்ற மூத்த நட்சத்திரம் அணிக்கு வந்துவிட்டார். பட்லர், கிரீன், குமிங்கா மூவருமே வெளியிலிருந்து எறிவதில் எதிராளியை அச்சுறுத்தாதவர்கள்; மூவரும் ஒன்றாக நின்றால் கூடையின் அருகே ஆள் நெரிசல், கரிக்கு மூச்சுவிட இடமில்லை. பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறுவதற்கான முக்கியமான பிளே-இன் ஆட்டத்தில் குமிங்காவுக்கு ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. சில வாரங்களில் கரி தொடைத் தசைக் காயத்தால் வெளியேற, மினசோட்டாவுக்கு எதிராக அதே குமிங்கா 30 புள்ளிகள் எடுத்தார். வெற்றிடம் உண்டானபோது ஆடினார், பூலைப் போலவே. அந்தக் கோடை முழுவதும் ஒப்பந்த இழுபறி நடந்து செப்டம்பர் முடிவில்தான் ஒரு குறுகிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

வேறு அணிகளில் திட்டம் வேறு விதமாகக் கெட்டதுண்டா?

உண்டு. இந்தப் பாடத்துக்குப் பிலடெல்பியா அணி ஒரு பல்கலைக்கழகம் மாதிரி. அங்கே நிமிடங்களுக்குப் பஞ்சமில்லை. 2015-16-இல் 10 வெற்றி, 72 தோல்வி. ஆனால் மூன்று ஆண்டுகளில் நெர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜஹ்லீல் ஓகஃபோர் என்று மூன்று சென்டர்களைச் சேர்த்தார்கள். கூடையடியில் ஒருவர் நிற்கத்தான் இடம். எம்பீட் தேறினார், மற்ற இருவரும் சொற்ப விலைக்குப் போனார்கள். வழிகாட்ட அனுபவசாலிகள் இல்லாத அணி அது என்ற குறையும் அப்போதே பேசப்பட்டது. ஆக, மூத்தவர்கள் நிறைந்தாலும் சிக்கல், இல்லாவிட்டாலும் சிக்கல்.

அதே அணியின் மார்க்கெல் ஃபுல்ட்ஸ் கதை இன்னும் வேதனையானது. 2017-இன் முதல் தேர்வு. கல்லூரியில் மூன்று புள்ளி எறிவில் 41 சதவீதம் எடுத்தவர். முதல் சீசன் தொடங்கும்போதே எறியும் விதம் மாறி, நடுவில் திக்கியது. எறிமுறையை மாற்றியதால் தோள் கெட்டதா, தோள் கெட்டதால் எறிமுறை மாறியதா என்று மாதக்கணக்கில் வாதம். 2018 டிசம்பரில்தான் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்பு நெரிபடும் கோளாறு என்று கண்டறியப்பட்டது. அதற்குள் அவர் அணிக்காக ஆடியிருந்தது 33 ஆட்டங்கள். வளர்ப்பு என்ற பெயரில் குறை தேடுவதற்கு முன், உடம்பைச் சோதிக்க வேண்டும்.

இரட்டைப் பாதை எங்குமே வென்றதில்லையா?

சான் அண்டோனியோ அணி வென்றது. கவாய் லெனர்ட் 2011-இல் பதினைந்தாவது தேர்வு. டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி ஆகியோரின் நடுவே வளர்ந்து, 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனபோது அவருக்கு வயது 22. வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரே ஓர் இளைஞர். முதல் நாளிலிருந்தே அணிக்குத் தேவைப்பட்ட தடுப்பாட்டம் அவரிடம் இருந்தது. தாக்குதலில் தொடக்கத்தில் கேட்டது மூலையில் நின்று எறிவது மட்டும். சிப் எங்கலண்ட் என்ற பயிற்சியாளர் அந்த எறிவைச் செதுக்கினார். பங்கு சிறியதாக இருந்ததால் பிழையும் சிறியது. அவர் தேறத் தேற அந்தப் பங்கை அகலப்படுத்தினார்கள்.

ஓக்லஹோமா சிட்டி போன வழி வேறு. முதலில் தோற்பது, பிறகு வெல்வது, இரண்டையும் கலக்காமல் இருப்பது. 2021-22-இல் 24 வெற்றி. மூன்று ஆண்டு கழித்து 68 வெற்றியும் கோப்பையும்.

ஒரு திட்டம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ரசிகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளிக் கணக்கைப் பார்க்காதீர்கள். இளம் வீரரிடம் கேட்கப்படும் வேலை மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று பாருங்கள். பயிற்சியாளர் ‘பொறுமை’ என்கிறார், உரிமையாளர் ‘எதிர்காலம்’ என்கிறார் என்றால் அங்கே இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒரு பிழைக்கு ஒருவரை வெளியே இழுத்துவிட்டு, அதே பிழையைச் செய்யும் மூத்தவரைக் களத்தில் விடுகிறார்களா? பையன் பந்தைப் பிடித்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருப்பான். ஒப்பந்தக் கடிகாரத்தையும் மறக்காதீர்கள்: முதல் சுற்றுத் தேர்வுக்கு நான்கு ஆண்டுகள், மூன்றாவது முடிந்ததும் நீட்டிப்புப் பேச்சு வந்துவிடும். இரண்டரை ஆண்டு வீணானால், மதிப்பிட ஆட்டமும் இருக்காது, விற்க விலையும் இருக்காது.

மோசஸ் மூடி என்ன ஆனார்?

அவரைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. நட்சத்திரம் ஆவார் என்று எவரும் அறிவிக்கவில்லை. வாரக்கணக்கில் பெஞ்சில் இருந்து, அழைத்தபோது மூலையில் நின்று எறிந்து, தடுப்பாட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். 2024 அக்டோபரில் மூன்று ஆண்டுக்கு 3.9 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. பட்லர் வந்த பிறகு தொடக்க வரிசையிலும் இடம் பிடித்தார்.